இரண்டு வேன்கள் காத்திருந்த கல்யாணம்

பெயின்ட் வாசனை எனக்கு ஆகாது. தலைவலிக்கும் என்று மற்றவர்களிடம் சொல்லிவிடுவேன். போன கிழமை பக்கத்துக் காம்பராவில் கதவுக்குப் பச்சை அடித்தார்கள். மழை விடாத நாட்கள். அந்த வாசனை காயவும் இல்லை, போகவும் இல்லை. எங்கள் வரிசை வீடுகளின், லயத்தின், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஈரத்துணி மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. தேத்தண்ணியில் அதுதான் ருசித்தது. போர்வையில் அதுதான். கண்ணை மூடினால் பச்சை தெரியவில்லை, நீலம் தெரிந்தது. தம்பிக்கு வரப்போகிற பெண்ணுக்காக அம்மா பலகைத் தடுப்பில் அடித்த நீலம்.

நாள் குறிக்கும் முன்பே அடித்தாள். சரியாகச் சொன்னால், பெண் வீட்டாரின் முகத்தைப் பார்க்கும் முன்பே. பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் எங்களுக்கு ஒரு காம்பரா: ஒரே அறை, பின்னால் குசினி, முன்னால் குறுகலான இஸ்தோப்பு. அந்த அறையைப் பலகையால் இரண்டாகத் தடுத்தாள் அம்மா. தடுப்புக்கு உள்பக்கம் நான் படுத்திருந்த பக்கம். என் பாயைச் சுருட்டிக் குசினியில் அடுப்போரம் வைத்துவிட்டு, நிமிர்ந்து, இடுப்பில் கைவைத்துக்கொண்டு நீலத்தைப் பார்த்தாள்.

"வர்ற புள்ளைக்கு மனசு குளுந்து போகணும்" என்றாள்.

எனக்கு முதுகு குளிர்ந்தது. பூனாகலையில் குசினிச் சுவர் எப்போதும் வியர்த்தபடிதான் இருக்கும்.

நான் அந்த வீட்டில் பிறந்தவள். கல்யாணமாகிப் போனவள். திரும்பி வந்தவள். இந்த மூன்றில் அம்மா நினைவில் வைத்திருந்தது நடுவிலிருப்பதை மட்டும். அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். மாமியாரின் காம்பரா, மாமியாரின் அடுப்பு, மாமியார் இறக்கி வைத்த கொழுந்துக் கூடை. என்னைக் கட்டியவர் கொழும்புக்கு வேலைக்குப் போனார். போன இடத்தில் இன்னொரு குடும்பம் ஆகிவிட்டது. செய்தி வந்த அன்று மாமியார் திட்டவில்லை, அழவில்லை. சோற்றை எனக்குப் போட்டுவிட்டு, "அவனே இல்லாத வீட்டுல நீ யாருக்கும்மா ஆக்கப் போற?" என்று கேட்டார். கேள்வி மாதிரியே இருந்தது. பதிலும் அதிலேயே இருந்தது. ஒரு தகரப் பெட்டியோடு மலை இறங்கி, மலை ஏறி, அம்மாவின் இஸ்தோப்பில் வந்து நின்றேன்.

"வந்துட்டியா? சரி, கொஞ்ச நாளைக்கு இரு."

அந்தக் கொஞ்ச நாள் என் தலைமுடி நரைக்கும் வரை நீண்டது. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை கிடைத்தது. கொழுந்துக்குப் போகும் தாய்மார் விடியலில் இறக்கிவிட்டுப் போகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. அம்மா கொழுந்தெடுக்க மலைக்குப் போனாள், நான் பிள்ளைக் காம்பராவுக்குப் போனேன், காம்பரா நின்றது. தோட்டத்து வழமை அது. ஒரு காம்பராவிலிருந்து ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்ய வேண்டும். இல்லாவிட்டால் காம்பராவைக் காலி பண்ணச் சொல்லி, தோட்டத்தை நடத்துகிற துரையிடமிருந்து ஆள் வந்துவிடும். ஆம்பிளைகள் கொழும்புக்கும் கடைகளுக்கும் போன பிறகு எங்கள் லயத்தைத் தூக்கி நிறுத்தியிருப்பதெல்லாம் பொம்பிளைகளின் பேர்கள். ஆனால் வழி கேட்டு வருகிறவனுக்கு யாரும் பொம்பிளையின் பேரைச் சொல்லமாட்டார்கள். எங்களுடையதைத் 'தம்பி காம்பரா' என்பார்கள். தம்பி மீசை முளைத்ததும் பஸ் ஏறியவன். தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் வருகிறவன். அந்தக் கூரையின் ஓட்டை எங்கே என்று அவனுக்குத் தெரியாது. பாத்திரத்தை எங்கே வைக்க வேண்டும் என்று எனக்கு இருட்டிலும் தெரியும்.

அம்மா வேலையை விட்டு நிற்கும் காலம் நெருங்கியது. தொழிற்சங்கத் தலைவர் ஒருநாள் பிள்ளைக் காம்பராப் பக்கம் வந்தவர், படலையில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "ஒங்கம்மா நிக்கிறப்ப, இனி காம்பராவுக்கு யாருன்னு அவங்க வாயால ஒரு வார்த்த சொல்லிப்புடணும், தங்கச்சி. சொல்லிட்டா பெறகு துரையும் மாத்த மாட்டாரு, நாங்களும் மாத்த மாட்டோம்."

ஒரு வார்த்தை. அதற்குத்தான் நான் காத்திருந்தேன். நான்தான் அங்கே இருந்தேன், நான்தான் அங்கே வேலை செய்தேன். வேறு யாருடைய பேரை ஒருத்தி சொல்ல முடியும்?

அப்போதுதான் தம்பி போனில், தனக்கு ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றான்.

அவன் மட்டக்களப்புப் பக்கம் செங்கலடியில் ஒரு பேக்கரியில் வேலை செய்துகொண்டிருந்தான். பெண் அந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். தையல் வேலை செய்கிறவள். வீடியோவில் முகம் காட்டினாள், சிரித்தாள், போனை ஆட்டிவிட்டு ஓடினாள். அம்மா பார்த்தது அவள் முகத்தை அல்ல. "கை நல்லா நீளமா இருக்கு. கொழுந்துக்குச் சரியா வரும்" என்றாள். அன்றைக்கே அம்மாவின் மனதில் அவளுக்குப் பேர் பதிந்தாகிவிட்டது. மகனைக் கட்டுகிறவள் காம்பராவுக்கு வருவாள், கூடையைத் தோளில் மாட்டுவாள், காம்பரா மகனுக்கு நிற்கும். உலகத்தில் வேறு மாதிரிக் கல்யாணம் உண்டு என்பதே அம்மாவுக்குத் தெரியாது. எனக்கும்தான்.

தம்பிக்குத் தெரியும். அந்த மட்டக்களப்புப் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு பெண்ணுக்கு. தாய் தன் வீட்டை மூத்த மகளுக்குக் கொடுத்துவிட்டு அடுத்தவளுக்கு அடுத்த வளவில் கட்டுவாள். வம்சம் தாயின் வயிற்று வழியே போகும். பெரிய பேச்சுக்கெல்லாம் தாய்மாமன் வந்து உட்காருவார். அங்கே பாண் சுட்டுக்கொண்டு இத்தனையும் பார்த்திருக்கிறான். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாம் நடந்துவிடும் என்று நினைக்கிறவர்களுக்கு எல்லாம் நடந்தும் விடுகிறது.

பெண்ணின் தாயும் தாய்மாமனும் பிபிலை வழியாக பஸ்ஸில் பதுளைக்கு வந்து, அங்கிருந்து இன்னும் இரண்டு பஸ் மாறி எங்கள் லயத்துக்கு ஏறி வந்தார்கள். தாய், கடல் காற்றில் கறுத்த, அகன்ற, சத்தமாகச் சிரிக்கிற மனுஷி. சேலைத் தலைப்பைக் காதுவரை சுற்றியிருந்தார். "இந்தக் குளிருக்குள்ள எப்பிடித்தான் இரிக்கிறயளோ!" என்று நடுங்கிக்கொண்டே வந்து என் அடுப்பின் முன்னால் குந்திவிட்டார். தாய்மாமன் இஸ்தோப்பில் கதிரையில் அமர்ந்து, தொண்டையைச் செருமிவிட்டு, அம்மாவிடம் கேட்டார்:

"மச்சாள், உங்கட வயித்துவார் என்ன? எந்த ஆக்கள்?"

"எங்க வீட்டுக்காரரு பக்கம் திருச்சிங்க. அவுங்க தாத்தா காலத்துல..."

"அவர்ர பக்கம் கிடக்கட்டும். உங்கட பக்கம். உங்கட தாய்ர தாய் எந்த வழி?"

அம்மா யோசித்தாள். அப்படி ஒரு கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. "எங்கம்மாவோட அம்மாவுங்களா? அவுங்களும் கொழுந்துதாங்க எடுத்தாங்க" என்றாள்.

தாய்மாமன் சிரித்துவிட்டார். அம்மாவும் சிரித்தாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. சாதியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டு பக்கமும் அதைப் போனிலேயே விசாரித்து முடித்திருந்தார்கள்.

பெண்ணின் தாய் தேத்தண்ணியை ஊதிக் குடித்தபடி, "உங்கட மகன எங்கட பிள்ளையாப் பாத்துக்குவம். ஒண்டுக்கும் யோசிக்காதீங்க மச்சாள்" என்றார்.

"அதே மாதிரித்தாங்க சம்மந்தி, ஒங்க பொண்ணும் எங்க பொண்ணு. எல்லாம் தயாரா வச்சிருக்கோம்" என்று அம்மா நீலத் தடுப்பைக் கை காட்டினாள்.

"எங்கட பக்கத்திலயும் எல்லாம் தயார்தான்" என்றார் அவர்.

இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டார்கள். இரண்டு பேரும் மனதார, நல்லெண்ணத்தோடு, ஒரே ஜோடியை இரண்டு வீடுகளில் குடி வைத்துவிட்டு எழுந்தார்கள். எங்கே இருக்கப் போகிறார்கள் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. மழை மேலிருந்து கீழே விழுமா என்று யாராவது கேட்பார்களா?

தாலி கட்டியது பதுளையில், ஒரு கோயிலில். இரண்டு பக்கத்துக்கும் வசதி என்று பேசிக்கொண்டது. நாதஸ்வரம், பூ, பந்தியில் பாயசம். பெண் நன்றாக இருந்தாள், தம்பி இன்னும் நன்றாக இருந்தான். சாப்பாடு முடிந்து வெளியே வந்தால் கோயில் வாசலில் இரண்டு வேன்கள். ஒன்று பண்டாரவளைப் பக்கம் மூக்கை வைத்து நின்றது, எங்களுடையது. மற்றது பசறைப் பக்கம் பார்த்து நின்றது. இரண்டின் முன்னாலும் வாழையிலை கட்டியிருந்தது. இரண்டிலும் முன் ஆசனம் காலியாக, பூ தூவி, ஜோடிக்காக.

தாய்மாமன் பெண்ணின் பெட்டியைத் தங்கள் வேனில் ஏற்றினார். எங்கள் சித்தப்பா அதை இறக்கினார். உதவி செய்வதாக நினைத்துத்தான் இறக்கினார். மறுபடி ஏற்றப்பட்டது. மறுபடி இறக்கப்பட்டது. அதன் பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"மருமகன் எங்களோட வாறார்தானே?" என்றார் பெண்ணின் தாய்.

"ஏன் வரணும்? பொண்ணு எங்ககூடல்ல வரணும்!" அம்மாவின் குரல் மலையில் கூப்பிடுகிற குரலாகிவிட்டது. "காம்பராவுல ஆலாத்தி கரைச்சு வச்சிட்டு வந்திருக்கோம்!"

"வீடு கட்டி, கிணறு வெட்டி வச்சிரிக்கம் மச்சாள். பிள்ளைக்கு வீடு அங்க. வீடு இல்லாத இடத்துக்கு ஆரும் பொம்பிளப் பிள்ளைய அனுப்புவாங்களோ?"

"மாமியா வீட்டுக்கு அனுப்பாம, ஆம்பளப் புள்ளையவா அனுப்புவாங்க? என்னா சம்மந்தி, ஊரு சிரிக்கும்!"

ஊர் ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்தது. எங்கள் வேன் டிரைவர் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டிக்கொண்டு கத்தினான்: "யக்கா, ரெண்டு பேரும் சேந்து ஏறுற வேன் எதுன்னு சொல்லுங்க, நான் அத ஓட்டுறேன்!"

தம்பி தன் புதுச் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பக்கமும் அவனிடம் கேட்டது. "நீங்களே பேசி முடிங்க" என்றான். அவன் எப்போதும் அப்படித்தான். பேசி முடிக்கப் பெண்கள் இருக்கும்வரை அவனுக்குக் குறையில்லை. பெண் மட்டும் கழுத்து மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அழாமல், நிதானமாகச் சொன்னாள்: "கொஞ்ச நாள் இஞ்ச நிண்டுட்டு, மறுகா எங்கட வீட்ட போவம் அம்மா." எங்கட வீடு. அந்தச் சொல் அவள் வாயில் அவ்வளவு எளிதாக உட்கார்ந்திருந்தது. தாலி ஏறிய கழுத்தோடு ஒரு பெண் 'என் வீடு' என்று தான் பிறந்த வீட்டைச் சொல்வதை நான் அன்றுதான் கேட்டேன்.

மகளைத் தனியே விடாமல் தாயும் கூடவே மலை ஏறி வந்தார். நீலத் தடுப்புக்குப் பின்னால் ஜோடி, முன்னால் அம்மா, குசினியில் அடுப்போரம் நானும் அவரும். மருமகள் அம்மாவை 'மாமி' என்றாள். அம்மா 'அத்தை'க்குக் காத்திருந்து காத்திருந்து விட்டுவிட்டாள். அவளைக் கூட்டிக்கொண்டு மலையைக் காட்டப் போனாள். மருமகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, காலில் ஏறிய அட்டையைப் பார்த்து அலறிக்கொண்டு திரும்பி வந்தாள். கூடையைத் தொடவேயில்லை. அம்மா அதன் பிறகு மலையைப் பற்றிப் பேசவில்லை.

ஒரு காலை, நான் ரொட்டி தட்டிக்கொண்டிருக்கும்போது பெண்ணின் தாய் என் பாயைப் பார்த்தார், என் தகரப் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீ இதுக்குள்ளயா மனே படுக்கிற? எப்பவும்?"

"தடுப்பு அடிச்சதுல இருந்து."

"பொம்பிளப் பிள்ள குசினிக்குள்ள. ஆம்பிளப் பிள்ளைக்கு அறை." வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவைக் கூப்பிட்டார். "மச்சாள்! இந்த வீடு இவக்குத்தானே? எங்கட பக்கமெண்டா கேள்வியே இல்ல. மகள் இரிக்கக்க வீடு மகளுக்கு."

அம்மா சுளகை நிறுத்தவில்லை. "அவளக் கட்டிக் குடுத்தாச்சுங்க. அவ கணக்கு முடிஞ்சிருச்சு."

"முடிஞ்ச பிள்ளதானே உங்களுக்கு இப்ப ரொட்டி சுடுகுது?"

சுளகு நின்றது. ரொட்டி கருகியது. என் பக்கம் நின்று ஒருவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவும் கடலோரத்திலிருந்து வந்து, போகப் போகிற ஒரு மனுஷி.

ஆனாலும் எனக்குள் ஏதோ முரண்டு பிடித்தது. "அப்ப ஒங்க மகனுக்கு என்னா குடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"அவனுக்கு என்னத்துக்கு? அவன்ட பொஞ்சாதிக்கு வீடு இரிக்கிதானே."

"அவ வெரட்டிட்டான்னா?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். வெற்றிலைச் சிவப்பு பல்லெல்லாம். "அப்ப தங்கச்சிமார்ர வீட்டில வந்து, உன்னப் போல, குசினிக்குள்ள படுப்பான்."

நானும் சிரித்தேன். சிரித்து முடிந்ததும் வாய் கசந்தது. அப்படியானால் உலகத்தில் இரண்டு வகை ஊர்கள். ஒன்றில் குசினிக்குள் படுக்கிறது மகள், மற்றதில் மகன். நான் பிறந்தது தப்பான பக்கத்து மலை. அவ்வளவுதான் விஷயம். அவருடைய சொந்த வீட்டைப் பற்றிக் கேட்டேன். மூத்தவளுக்கும் இளையவளுக்கும் கொடுத்தது போக, வளவின் பின்னால் ஓலைக் கொட்டில் ஒன்றில் இருக்கிறாராம். "எனக்கென்னத்துக்கு மனே வீடு" என்றார். அந்தக் கொட்டிலையும் மறுபடி நினைத்துப் பார்க்கிறேன். கொடுத்த தாயும் கொட்டிலில்தான். ஆனால் கொடுத்தார். வாயால் சொல்லிக் கொடுத்தார். அந்த வித்தியாசத்தில் என் வயதெல்லாம் போய்விட்டது.

அன்று மதியம் அம்மா தனியாக இருந்த நேரம் பார்த்துக் கேட்டுவிட்டேன். இத்தனை வருஷம் கேட்காததை.

"அம்மா, தம்பி அங்கதான் போகுது. அந்தப் புள்ள கொழுந்துக்கு வராது. நீங்களும் நிக்கப் போறீங்க. தோட்டத்துல இனி என் பேரு மட்டுந்தான். தலைவர்கிட்ட காம்பரா எனக்குன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க."

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தாள்.

"தம்பி மொதல்ல போகட்டும். பாப்போம்."

"என்னாத்த பாக்குறது?"

"பாப்போம்னு சொன்னா விடுடி. புள்ள மனசு நோகக் கூடாது."

எந்தப் பிள்ளை என்று நான் கேட்கவில்லை. ஆனால் 'பாப்போம்' என்ற அந்தச் சொல்லை எடுத்து வைத்துக்கொண்டேன். மறுப்பு இல்லையே. மறுக்கவில்லையே. ஒன்றுமில்லாதவள் அதிலும் ஒரு அறை கட்டிக்கொள்வாள்.

அவர்கள் புறப்பட்ட அன்று நாங்கள் பதுளை வரை போனோம். பஸ் நிலையத்தில் மட்டக்களப்பு பஸ் உறுமிக்கொண்டு நின்றது. கண்டக்டர் "பிபிலை, மகாஓயா, செங்கலடி" என்று ஒரே மூச்சில் கத்திக்கொண்டிருந்தான். பெண்ணின் தாய் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு ஏறினார். ஏறியவர் மீண்டும் தலையை நீட்டி, "மச்சாள், சொன்னது நினைவிரிக்கட்டும்" என்றார். அம்மா கேட்காத மாதிரி நின்றாள். மருமகள் ஜன்னலோரம். அவளுக்குக் குளிர் விட்டுவிட்ட மாதிரி முகம். வீட்டுக்குப் போகிறவளின் முகம். தம்பி அவளுக்குப் பக்கத்தில், மடியில் அவளுடைய பையை வைத்துக்கொண்டு, நான் முன்பின் பார்க்காத ஒரு வகை மரியாதையோடு ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது. அங்கே வாசலில் செருப்பைக் கழற்றி வைக்கும்போது அவனுக்கும் ஒருநாள் தோன்றும், இது யாருடைய வாசல் என்று.

பஸ் அசைந்தது. அம்மா ஜன்னல் கம்பியை விடாமல் கூடவே நடந்தாள். நான் அவள் பின்னால், அவள் குடையைப் பிடித்துக்கொண்டு, நனைந்துகொண்டு. தம்பி குனிந்து, வழக்கமான அந்த லேசான குரலில், "நீங்க ஒன்னுக்கும் யோசிக்காதீங்கம்மா. எல்லாம் அக்கா பாத்துக்கும்" என்றான்.

அம்மா கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"அக்கா பாத்துக்கிட்டுத்தான் இருப்பா. நீ எப்ப வந்தாலும் காம்பரா ஒன்னோடதுய்யா. நேத்தே தலைவர்கிட்ட சொல்லிட்டேன்."